'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில் உழைப்பில்ல ஆட்சி: அலுவலர் பூசலும் அதன் விளைவும்

முன்னுரை

சார்லஸ் டிக்கன்ஸ் இயற்றிய 'ஆலிவர் டுவிஸ்ட்' 1837 பிப்ரவரித் திங்கள் முதல் 1839 ஏப்ரல் வரை இலண்டன் மாநகரத் திங்களிதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. அது தொடங்கிய நான்கு திங்கள் கழித்தே விக்டோரியா அரசியார் அரியணை ஏறினார். ஏழையர் உழைப்பில்லத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் தன் பங்குக் கஞ்சியைக் குடித்தபின் இன்னும் கொஞ்சம் வேண்டும் எனக் கேட்ட காட்சியை அறியாதார் இலர். நாவலைப் படியாதவரும் அதனை அறிவர். இவ்வாறு பெரும்புகழ் எய்திய அக்காட்சியே உழைப்பில்லப் பகுதி முழுமைக்கும் பொருள் என்று கொள்ளும் வழக்கம் நாளடைவில் வேரூன்றிவிட்டது. ஒருபுறம் கொழுத்த கொடியவர். மறுபுறம் மெலிந்த பிள்ளை. இவ்விருவர்க்கும் இடையே நிகழும் போராட்டமே கதை என்பர்.

அங்ஙனம் கொள்ளின், இல்லத்தின் அலுவலர் தமக்குள் நிகழ்த்தும் பூசலும் போட்டியும் பேரமும் வெறும் நகைச்சுவைத் துணுக்குகளாகவே எஞ்சும். பங்குச் சேவகர் பம்பிளும் இல்லத் தலைவி கார்னி அம்மையாரும் தேநீர் அருந்தும் இடமும், மணந்தபின் இருவரும் மோதிக்கொள்ளும் இடமும், வாசகரின் கண்ணீரைச் சற்றே துடைத்தற்கு ஆசிரியர் இட்ட இடைவேளைகள் என்றே கருதப்படும். யாம் இக்கருத்தை உடன்படுவதற்கில்லை. அப்பூசல்களே நாவலின் உழைப்பில்லப் பகுதிக்கு அச்சாணி. அவை இல்லையேல் கதையும் இல்லை, ஆலிவரின் துன்பத்திற்குக் காரணமும் விளங்காது. இதனை நாவலின் அகச்சான்று கொண்டும், அக்காலத்து உழைப்பில்ல வரலாற்றின் புறச்சான்று கொண்டும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாவல் எவ்விடத்தில் தன் பார்வையைக் குறுக்கிக்கொள்கின்றது என்பதனையும் ஈற்றில் ஆராய்வோம்.

சட்டமும் அமைப்பும்

நாவலுக்குள் புகுமுன், அதன் களத்தை ஒருவாறு அறிதல் வேண்டும். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இங்கிலாந்தின் பழைய பங்கு முறையை மாற்றியமைத்தது. அதற்குமுன் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் தன் எல்லைக்குள் வாழ்ந்த ஏழையரைத் தானே பேணி வந்தது. புதிய சட்டம் பல பங்குகளை இணைத்து ஒன்றியங்களாக்கிற்று. ஒவ்வோர் ஒன்றியத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட காப்பாளர் குழு ஒன்று அமைந்தது. அக்குழுக்களை மேற்பார்க்க இலண்டனில் மூன்று ஆணையரும், அவர்க்கு எட்வின் சாட்விக் என்னும் செயலாளரும் அமர்ந்தனர். உதவி வேண்டுவோர் உழைப்பில்லத்திற்குள் வந்தே அதனைப் பெறுதல் வேண்டும்; உள்ளே வாழும் வாழ்வு வெளியே உழைத்துண்ணும் ஏழைத் தொழிலாளியின் வாழ்வினும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும். இவையே சட்டத்தின் அடிப்படைகள். உள்ளே வந்த கணவனும் மனைவியும் பிரித்து வைக்கப்பட்டனர்.

இல்லத்திற்குள் ஆட்சி செலுத்தியோர் இல்லத் தலைவரும் தலைவியும் ஆவர். பெரும்பாலும் இவ்விருவரும் கணவன் மனைவியராகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவர்க்குக் கீழே வாயில் காவலரும் ஆசிரியரும் இருந்தனர். மருத்துவரும் சமய குருவும் இல்லத்தில் பணியாற்றினரேனும், தலைவருக்குக் கீழ்ப்பட்டவர் என்றோ சமமானவர் என்றோ தெளிவாகச் சொல்ல இயலாத நிலையில் இருந்தனர். நோயாளிக்கு இன்ன உணவு தருக என எழுதும் உரிமை மருத்துவருக்கு உண்டு. அவ்வுணவை எடுத்துத்தரும் பண்டகசாலையின் சாவியோ தலைவர் கையில் இருந்தது. செலவைக் குறைத்தல் காப்பாளரின் கடமை. ஏனெனில் அச்செலவு அவரைத் தேர்ந்தெடுத்த வரிசெலுத்துவோர் தலையிலேயே விழுந்தது. பூசலுக்கு வித்து இவ்வமைப்பிலேயே இடப்பட்டுவிட்டது என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

மேலேறும் குற்றம், மேலேறாப் பசி

கஞ்சிக் காட்சியை இவ்வறிவோடு மீண்டும் நோக்குவோம். சிறுவன் கேட்ட அளவில் தலைவர் திகைத்துப் போகின்றார். கொப்பரையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றார். பின் அகப்பையால் சிறுவன் தலையில் அடித்துப் பங்குச் சேவகரைக் கூவி அழைக்கின்றார். சேவகர் பம்பிள் காப்பாளர் குழு கூடியிருக்கும் அறைக்கு ஓடுகின்றார். அங்குத் தலைமை வகிப்பவர் கேட்கும் வினா ஒன்றே: உணவுப் பட்டியில் வகுத்த இராவுணவை உண்டபின்னருமா அவன் மேலும் கேட்டான்? சிறுவனுக்குப் பசித்ததா என்று கேட்பார் எவருமிலர். மறுநாட் காலையில் அவனை ஏற்றுக்கொள்வார்க்கு 5 பவுன் தரப்படும் என்னும் அறிவிப்பு வாயிலில் ஒட்டப்படுகின்றது.

தலைவரிடமிருந்து சேவகருக்கும், சேவகரிடமிருந்து குழுவிற்கும் செய்தி படிப்படியாக ஏறுகின்றது. ஏறுவது குற்றம், பசி ஏறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தமக்கு மேலுள்ளார் தம்மைக் குறைகூறாதிருத்தற்கு வேண்டியதை மட்டுமே எடுத்துச் செல்கின்றார். தலைவரின் திகைப்பு இரக்கமின்மையால் மட்டும் எழுந்ததன்று. பட்டியில் இல்லாத ஒன்று தம் பொறுப்பில் நிகழ்ந்துவிட்டதே என்னும் அச்சமும் அதில் உண்டு.

இதற்கு முன்னரே இவ்வமைப்பை டிக்கன்ஸ் நமக்குக் காட்டியுள்ளார். குழந்தைகளை வளர்க்க ஒப்புக்கொண்ட மான் அம்மையார் தலைக்கு வாரம் ஏழரைப் பென்னி பெற்று, அதிற் பெரும்பகுதியைத் தமக்கே வைத்துக்கொள்கின்றார். பம்பிள் வருகின்றார் என்றறிந்ததும் பிள்ளைகளை விரைந்து கழுவுமாறு ஏவுகின்றார். பூட்டிய தோட்டக் கதவின் முன் காத்து நிற்க நேர்ந்ததற்காகச் சேவகர் சினக்கின்றார். அம்மையார் இன்சொல்லாலும் மதுவாலும் அச்சினத்தைத் தணிக்கின்றார். மேற்பார்வைக்கு வந்தவர் குடித்துவிட்டுச் செல்கின்றார். அலுவலர் இருவர்க்கிடையே எழுந்த சிறு பூசல் தீர்ந்தது. தீர்ந்ததற்கு விலை கொடுத்தோர் பிள்ளைகள்.

தொப்பியும் பதவியும்

பம்பிளின் கதை இவ்வுண்மையை மேலும் விரித்துரைக்கின்றது. இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வெளியிட்ட நாவற்கூறுகள் பற்றிய தம் நூலில், டிக்கன்ஸ் படைத்த மாந்தர் ஏறத்தாழ அனைவரும் தட்டையானவர் என்றார். ஒரே தொடரில் அடக்கிச் சொல்லத்தக்கவர் என்பது அதன் பொருள். பம்பிளை நோக்க இக்கூற்று பொருத்தமாகவே தோன்றும். பொற்சரிகைச் சட்டை, மடிப்புத் தொப்பி, கையிற் கோல்: இவையே பம்பிள். ஆயின் டிக்கன்ஸ் அறியாமல் நேர்ந்த குறையா இது? அன்று என்பது எம் துணிபு. மனிதன் பதவியால் தட்டையாக்கப்படுதலே அவர் காட்ட எடுத்துக்கொண்ட பொருள்.

கார்னி அம்மையார் அறையில் நிகழும் காதற்காட்சியைக் காண்க. அம்மையார் வெளியே அழைக்கப்பட்டுச் சென்றதும் பம்பிள் தேக்கரண்டிகளை எண்ணுகின்றார். சர்க்கரை இடுக்கியைக் கையில் நிறுத்துப் பார்க்கின்றார். பாற்குவளை உண்மையான வெள்ளியா என ஆராய்கின்றார். பின்னர் அம்மையாரிடம், இல்லத் தலைவர் ஸ்லவுட் ஒரு வாரம் கூட உயிர்வாழார் என மருத்துவர் கூறியதையும், அவர் இறந்தால் ஓர் இடம் வெற்றிடமாகும் என்பதையும் எடுத்துரைத்துத் தம் காதலை வெளியிடுகின்றார். ஒருவரின் சாவு மற்றொருவரின் பதவி உயர்வு. அவ்வுயர்வு பெறும் வழி திருமணம். தலைவரும் தலைவியும் கணவன் மனைவியராக இருத்தலே வழக்கமாயிருந்த அமைப்பில் இது மிகைபடப் புனைந்ததன்று. அமைப்பு தந்த வாய்ப்பையே ஆசிரியர் நகைப்பொருளாக்கினார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறத்தற்குரிய களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைப்பர். அழுகை பிறத்தற்குரிய களன்களுள் வறுமையையும் ஒன்றாக எண்ணுவர். இவ்விரண்டும் வெவ்வேறு இடத்து வெவ்வேறு மாந்தர்பால் தோன்றுதலே பெரும்பான்மை. டிக்கன்ஸோ இரண்டனையும் ஒரே கூரையின்கீழ் ஒரே நாழிகையில் நிறுத்துகின்றார். பம்பிள் கரண்டி எண்ணும் அதே வேளையில், மேல்மாடியில் ஒரு கிழவி குளிரில் இறந்துகொண்டிருக்கின்றாள். எள்ளலுக்குரிய அலுவலர் வாழ்வும் அழுகைக்குரிய ஏழையர் வாழ்வும் ஒன்றன் காரணமாகவே மற்றொன்று அமைந்தன என்பதனை வாசகர் தாமே உணருமாறு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தமை போற்றற்குரியது.

வாயிற் சிறுவன் பெற்ற அடி

மணம் முடிந்து எட்டு வாரங்கள் கழிகின்றன. பம்பிள் இப்போது இல்லத் தலைவர். பொற்சரிகைச் சட்டையும் தொப்பியும் வேறொருவர்க்குப் போய்விட்டன. பதவி உயர்ந்தது, ஆள் தாழ்ந்துவிட்டார். ஆறு தேக்கரண்டிகளுக்கும் சில தட்டுமுட்டுகளுக்கும் 20 பவுன் பணத்திற்கும் தம்மை விற்றுவிட்டதாக எண்ணி ஏங்குகின்றார். ஆணையிடுதல் ஆண்மகனின் உரிமை என மனைவியிடம் கூறப்போய், அவள் கையால் அடியும் கீறலும் பெறுகின்றார்.

அடுத்து நிகழ்வதே எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. தோற்ற பம்பிள் இல்லத்தைச் சுற்றி வருகின்றார். சலவைக்கூடத்தில் ஏழைப் பெண்டிர் துணி துவைத்துக்கொண்டு பேசும் ஒலி கேட்கின்றது. அவர்பாலேனும் தம் அதிகாரத்தை நிலைநாட்டலாம் என்றெண்ணி உரத்த குரலில் அதட்டியவாறு உள்ளே நுழைகின்றார். அங்கே மனைவி நிற்கின்றாள். பெண்டிர் நகைக்க, சவர்க்கார நீர்க்கிண்ணத்தை ஓங்கி அவரை வெளியே துரத்துகின்றாள். இழிவுற்று வாயிலை அடைந்த பம்பிள், கதவு திறந்துவிட்ட சிறுவனின் காதில் அறைந்துவிட்டுத் தெருவில் இறங்குகின்றார்.

அச்சிறுவனுக்குப் பெயரில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியர் அவனுக்கு ஒதுக்கியது ஒரு வாக்கியத்தின் ஒரு பகுதியே. ஆயினும் உழைப்பில்ல ஆட்சி பற்றி நாவல் கூறுவதனைத்தும் அப்பகுதியில் அடங்கிவிடுகின்றது எனலாம். மேலிருப்போர் இருவர் பதவிக்காகப் பொருதனர். அடி கீழ்நோக்கி இறங்கிற்று. திருப்பி அடிக்க இயலாத ஒருவன்மேல் விழுந்து ஓய்ந்தது. அவனுக்கு அடி விழுந்தது அவன் செய்த குற்றத்திற்காக அன்று. அவனுக்கும் கீழே எவரும் இல்லாமையால். அலுவலர் பூசலை வெறும் நகைச்சுவை எனத் தள்ளுவார் இவ்வோர் அடியை விளக்க மாட்டார்.

கூலியில்லாச் செவிலியர்

கதைப்பின்னலும் இவ்வாட்சி முறையினின்றே பிறக்கின்றது. ஆலிவரின் தாய் இறக்கும்போது அருகில் இருந்தோர் இருவர்: ஒப்பந்த முறையில் பணிபுரியும் பங்கு மருத்துவர் ஒருவர்; வழக்கத்திற்கு மாறாகக் கிடைத்த பீரால் மயங்கியிருந்த ஏழைக் கிழவி ஒருத்தி. உழைப்பில்லங்களில் நோயாளரைப் பேணக் கூலிபெறும் செவிலியரை அமர்த்தாது, அங்கு வாழும் ஏழையரையே அப்பணியில் ஈடுபடுத்தினர். சிறிது மிகுதியான உணவும் மதுவுமே அவர் பெற்ற பயன். சாலி என்னும் அக்கிழவி இறந்தவளின் பொற்பதக்கத்தைத் திருடி அடகு வைக்கின்றாள். ஆலிவர் யார் என்பதற்கிருந்த ஒரே சான்று அதனால் மறைந்துபோகின்றது. நாவலின் மருமம் தீயோர் சூழ்ச்சியாற் பிறந்தது என்பதினும், ஊதியம் கொடாமல் வேலைவாங்கிய நிருவாகத்தாற் பிறந்தது என்பதே பொருந்தும்.

பல்லாண்டு கழித்துச் சாலியும் அதே நிலையில் இறக்கின்றாள். பங்கு மருந்தாளரின் இளம் உதவியாள் அவளருகே இறகினாற் பற்குத்தி செய்துகொண்டிருக்கின்றார். தேநீர் வேளையில் அழைக்கப்பட்டதற்காகத் தலைவி கார்னி சினந்து வருகின்றாள். சாலியின் வாக்குமூலத்தைத் தனித்துக் கேட்பதற்காக ஏனைக் கிழவியர் இருவரையும் வெளியே தள்ளிக் கதவடைக்கின்றாள். இறந்தவளின் கையிலிருந்த அடகுச்சீட்டைத் தான் கவர்ந்து, பதக்கத்தை மீட்டு, பின்னர் மங்க்ஸ் என்பானுக்கு 25 பவுனுக்கு விற்கின்றாள். ஏழைக் கிழவி செய்த திருட்டையே இல்லத் தலைவியும் செய்கின்றாள். வேறுபாடு பதவியில் மட்டுமே. ஈற்றில் அவளைக் காட்டிக்கொடுப்போர் யாவர்? வெளியே தள்ளப்பட்ட அவ்விரு கிழவியரே. கதவின் இடுக்கு வழியே கேட்டதையும் கண்டதையும் அவர்கள் சான்றாக உரைக்கின்றனர். அடி கீழ்நோக்கி இறங்குகின்றது என்றோம். கீழுள்ளார் கண்ணும் காதும் மேல்நோக்கியே இருந்தன என்பதனையும் டிக்கன்ஸ் மறந்தாரல்லர்.

இவ்விடத்தில் ஒன்று கூறல் வேண்டும். ஏழைச் செவிலியர் யாவரும் சாலியை ஒத்தவரல்லர் என்பதனை டிக்கன்ஸே பின்னர் எழுதினார். 1850இல் தம் வார இதழில் அவர் வெளியிட்ட உழைப்பில்லக் கட்டுரையில், முரட்டுத் தோற்றமுடைய ஏழைச் செவிலி ஒருத்தி, தெருவிற் கண்டெடுக்கப்பட்டுத் தன் பொறுப்பில் வளர்ந்த குழந்தை இறந்ததற்காகத் தேம்பி அழுதமையை நெகிழ்ந்து காட்டுகின்றார். குறை அப்பெண்டிரின் இயல்பில் இல்லை, அவரை வைத்திருந்த முறையிலே உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.

வரலாறு தரும் சான்று

இவையெல்லாம் கற்பனையின் மிகை என்பாரும் உளர். பங்குச் சேவகர் பழைய முறைக்குரியவர். காப்பாளர் குழு புதிய முறைக்குரியது. இரண்டையும் ஆசிரியர் குழப்பிவிட்டார் என வரலாற்று நோக்குடையார் குறைகூறுவர். உண்மையே. ஆயினும் சட்டம் மாறிய அன்றே ஆட்களும் அவர் மனப்பான்மையும் மாறிவிடுவதில்லை. பழைய ஆணவம் புதிய பட்டிக்குள் புகுந்து வாழ்ந்தமையே நாவலின் பொருள் எனக் கொண்டால், குழப்பம் எனப்பட்டதே நுண்மையாகும்.

நாவல் முடிந்து ஆறாண்டு கழித்து ஆண்டோவர் உழைப்பில்லச் செய்தி வெளிப்பட்டது. அங்கு எலும்பு நொறுக்கும் வேலையில் ஈடுபட்ட ஏழையர், பசிக்கொடுமையால் அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த சதையையும் மூளையையும் உறிஞ்சித் தின்றனர். 1845இல் ஹியூ மண்டி என்னும் காப்பாளர் ஒருவரே இதனை வெளிக்கொணர்ந்தார். இல்லத் தலைவர் காலின் மக்டூகல் முன்னாட் படைவீரர். வாட்டர்லூப் போரிற் பொருதவர். குடிமயக்கமும் ஏழையர் உணவைத் திருடியமையும் அவர்மேற் சாட்டப்பட்டன. உசாவல் நடத்தச் சென்ற உதவி ஆணையர் ஹென்றி பார்க்கர்மீதே ஆணையர் பழியைச் சுமத்திப் பதவி விலகச் செய்தனர். 1846இல் பாராளுமன்றத் தேர்வுக்குழு இதனை ஆராய்ந்தது. ஆணையர் பதவி தமக்குக் கிட்டாமையால் நெடுநாள் மனக்கசப்புற்றிருந்த செயலாளர் சாட்விக், அக்குழுவின்முன் தம் ஆணையர்க்கு எதிராகவே சான்று பகர்ந்தார். 1847இல் ஆணையம் கலைக்கப்பட்டு வேறு வாரியம் அமைந்தது.

இதன் போக்கை நோக்குக. இல்லத் தலைவர், காப்பாளர், உதவி ஆணையர், ஆணையர், செயலாளர் என ஒவ்வொரு படியிலும் பூசல். பழி மேலிருந்து கீழே தள்ளப்பட்டது. வாயிற் சிறுவன் பெற்ற அடியின் பேருருவமே இது. டிக்கன்ஸ் ஓர் இல்லத்திற்குள் கண்டதை வரலாறு ஒரு நாட்டின் ஆட்சியளவில் மெய்ப்பித்தது.

மற்றொரு சான்று இலண்டன் கிளீவ்லண்டு தெருவில் இருந்த உழைப்பில்லம். டிக்கன்ஸ் இளமையில் இருமுறை அதே தெருவில் சில வீடுகள் தள்ளி வாழ்ந்தார் என்பதனை ரூத் ரிச்சர்ட்சன் என்னும் வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டி, 2012இல் நூலாகவும் வெளியிட்டார். நாவலின் உழைப்பில்லம் இலண்டனுக்கு 70 மைலுக்கு அப்பால் உள்ளதாகவே கூறப்படுதலின், இதுவே அது எனச் சாதித்தல் வேண்டா. ஆயின் அவ்வில்லத்தில் பின்னாளில் நிகழ்ந்த பூசல் நாவலுக்கு ஓர் உரைபோல் அமைந்துள்ளது.

1856இல் ஜோசப் ராஜர்ஸ் அங்கு மருத்துவ அலுவலராக அமர்ந்தார். 500க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வில்லத்தில் அவருக்கு ஆண்டூதியம் 50 பவுன். நோயாளர்க்குரிய மருந்துகளையும் அதிலிருந்தே அவர் வாங்குதல் வேண்டும். கூலிபெறும் செவிலியர் இலர். குழுவின் வருவாய்க்காக வணிகரின் சமக்காளங்கள் முற்றத்தில் அடிக்கப்பட்டன; எழுந்த தூசி நோயாளர் அறைகளிற் புகுந்தது. இவற்றை மாற்ற முயன்ற ராஜர்ஸுக்கும் இல்லத் தலைவர் ஜார்ஜ் கேட்சுக்கும் இடையே ஓயாத பகை மூண்டது. ராஜர்ஸ் எழுதி 1889இல் வெளிவந்த நினைவுக்குறிப்பு நூல் இதனை விரித்துரைக்கின்றது. அது பகைகொண்ட இருவருள் ஒருவரின் கூற்று என்பதனை மறவாமலே படித்தல் வேண்டும். எனினும் மருந்துச் செலவு, செவிலியர் நிலை, முற்றத்துத் தூசி ஆகியவை தனிமனிதர் வெறுப்பிற் பிறந்த புனைவுகள் அல்ல. 1865இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இலண்டன் உழைப்பில்ல மருத்துவ அறைகளை ஆராயத் தொடங்கியபோது, இத்தகு சீர்கேடுகள் பரவலாக இருந்தமை தெரியவந்தது. அடுத்த ஆண்டு ராஜர்ஸும் பிறரும் அவற்றைச் சீர்திருத்தச் சங்கம் ஒன்று நிறுவினர். அதற்கு ஆதரவு தந்தாருள் டிக்கன்ஸும் ஒருவர்.

நாவல் காணாதது

இதுகாறும் நாவலின் சிறப்பே கூறினோம். அதன் எல்லையையும் கூறாதொழிதல் திறனாய்வு ஆகாது. நாவலின் முடிவில் பம்பிளும் மனைவியும் பதவி இழக்கின்றனர்; வறுமையுற்று, தாம் ஆண்ட அதே உழைப்பில்லத்தில் ஏழையராகவே அடைகின்றனர்; அங்குள்ள விதிப்படி பிரிக்கவும்படுகின்றனர். அறம் வென்றது என வாசகர் மகிழ்வர். ஆயின் அவர்கள் இடத்திற்கு வந்த புதிய தலைவரும் தலைவியும் எத்தகையர்? உணவுப் பட்டி மாறிற்றா? வாயிற் சிறுவன் என்னவானான்? நாவல் இவ்வினாக்களை எழுப்பவில்லை. ஆலிவர் ஒருவன் நல்லோர் இல்லம் சேர்ந்தான். ஏனையோர் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆட்சி முறையால் விளைந்த தீங்கை இத்துணை நுட்பமாகக் கண்ட ஆசிரியர், அதன் தீர்வை மட்டும் தனிமனிதர் பெற்ற தண்டனையில் வைத்துவிட்டார்.

வரலாறு இத்தகைய ஆறுதலைத் தரவில்லை. கேட்ச் கிளீவ்லண்டு தெருவை விட்டு நீங்கிய பின்னரும் நியூவிங்டன், லாம்பெத் ஆகிய இடங்களில் அதே வகைப் பதவி பெற்றார். சீர்திருத்தம் வேண்டிய ராஜர்ஸோ 1868இல் பதவியினின்று நீக்கப்பட்டார். தீயவர் வீழ்ந்தார், நல்லவர் வென்றார் என்னும் கதைமுடிவு இங்கு இல்லை. எனினும் 1867ஆம் ஆண்டின் இலண்டன் மாநகர் ஏழையர் சட்டம் நோயாளர்க்குத் தனி மருத்துவமனைகள் அமைக்கவும், மருந்துச் செலவை மாநகர்ப் பொதுநிதியினின்று பெறவும் வழிவகுத்தது. ஒருவர் சம்பளத்தினின்று மருந்து வாங்கும் முறை மாறியதே மெய்யான வெற்றி. அதனை ஈட்டியது எவருடைய தண்டனையும் அன்று. செலவை யார் ஏற்பது என்னும் விதியின் மாற்றமே.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் ஓர் அதிகாரம். தெரிந்து வினையாடல் அதனை அடுத்த அதிகாரம். தக்காரைத் தேர்தல் வேறு, தேர்ந்தாரை வினையில் நிறுத்தி அதனைச் செய்தற்குரிய உரிமையை நல்குதல் வேறு என்னும் தெளிவு இவ்வைப்பு முறையிலேயே உண்டு. 'ஆலிவர் டுவிஸ்ட்' முன்னதன் பிழையைக் காட்டும் நூல்: தகாதார் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ராஜர்ஸின் குறிப்புகள் பின்னதன் பிழையைக் காட்டுவன: தக்கார் தேர்ந்தெடுக்கப்பட்டும் சாவி வேறொருவர் கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி விக்டோரியா கால உழைப்பில்லம் நமக்கு முழுமையாக விளங்காது.

டிக்கன்ஸ் இவ்வெல்லையைத் தாமே உணர்ந்தார் என்று கருத இடமுண்டு. 1864, 1865ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'நம் பொது நண்பர்' என்னும் நாவலில் பெட்டி ஹிக்டன் என்னும் முதியவள் வருகின்றாள். உழைப்பில்லத்திற்குள் சாவதற்கு அஞ்சி, தன் அடக்கச் செலவுக்குரிய பணத்தை உடையிலே தைத்துவைத்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து வழியிலேயே இறக்கின்றாள். பம்பிளைப் போன்ற அலுவலர் எவரும் அவள் கதையை ஆட்டிப்படைப்பதில்லை. நகைத்தற்குரிய தொப்பியும் கோலும் இல்லை. கட்டடமும் அதன்மீது கொண்ட அச்சமுமே உள்ளன. முப்பதாண்டு இடைவெளியில் ஆசிரியரின் பார்வை அலுவலரைக் கடந்து ஆட்சி முறையை எட்டிற்று. அந்நாவலின் பின்னுரையில் ஏழையர் சட்டம் நடத்தப்படும் முறையை அவர் நேர்முகமாகவே கண்டித்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால், 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில் வரும் அலுவலர் பூசல்கள் நகைச்சுவைக்காகப் புகுத்தப்பட்டவை அல்ல என்பதும், கதையின் மருமமும் ஆலிவரின் துயரமும் அவற்றினின்றே பிறந்தன என்பதும், பிற்கால வரலாறு அவற்றை மெய்ப்பித்தது என்பதும் போதரும். அப்பூசல்களின் மூலம் அமைப்பிலே கிடப்பதைக் கண்ட டிக்கன்ஸ், முடிவை மட்டும் அலுவலரின் வீழ்ச்சியில் வைத்தமை நாவலின் குறையாகும். உலக இலக்கியத்தில் கஞ்சி கேட்ட சிறுவனுக்கு நிலைத்த இடம் உண்டு. கதவு திறந்துவிட்டு அறை வாங்கிய சிறுவனுக்கும் அவனருகே ஓர் இடம் தருதல் திறனாய்வாளர் கடன் என்பது எம் கருத்து. முன்னவன் கேட்டான், பின்னவன் கேட்கவும் இல்லை. அலுவலர் தம்முட் பொருதும் இல்லங்களில் கேளாதவர்க்கும் அடி விழும் என்பதனைப் பின்னவனே நமக்கு உணர்த்துகின்றான்.